“நாங்கள் முறையாக வந்தவர்கள்தானே?” – அரிசோனாவில் போலீஸ் காரை நிறுத்தினால்

கேள்வி: அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் குடியிருக்கிறோம். எனக்கு எச்-1பி (வேலை விசா), மனைவிக்கும் 13 வயது மகளுக்கும் எச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா). போன சனிக்கிழமை மாலை எங்கள் காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். நம்பர் பிளேட்டைச் சுற்றியிருந்த ஃபிரேம் மாநிலத்தின் பெயரை மறைக்கிறதாம். லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்த பிறகு, “எந்த நாடு? என்ன ஸ்டேட்டஸ்? பக்கத்தில் இருப்பவரிடம் ஐ.டி. இருக்கிறதா?” என்று கேட்க ஆரம்பித்தார். மனைவியிடம் கையில் எதுவும் இல்லை. 25 நிமிடம் நிற்க வைத்துவிட்டு, எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து அனுப்பினார். “குடியேற்ற நிலையைக் கேட்கும் அந்தச் சட்டமெல்லாம் மெக்சிகோக்காரர்களுக்கு, நமக்கென்ன” என்கிறார்கள் நண்பர்கள். அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். விடிகாலையில் ஒரு நடை போகாவிட்டால் அப்பாவுக்குப் பொழுது விடியாது. ஆங்கிலம் தெரியாது. எங்களுக்கு நடந்தது ரேசியல் ப்ரொஃபைலிங்தானா (இனத்தைப் பார்த்துச் சந்தேகிப்பதுதானா)? புகார் கொடுத்தால் கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா? என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் நண்பர்கள் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் சாண்ட்லரிலேயே 1997 ஜூலையில் ஐந்து நாட்கள் உள்ளூர் போலீசும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஒரு வேட்டை நடத்தின. 432 பேர் பிடிபட்டார்கள். ஆனால் தேடிய முறை என்ன? தோலின் நிறம், பேசிய மொழி. அமெரிக்கக் குடிமக்களையும் முறையாகக் குடியேறியவர்களையும் கடை வாசலிலும் வீட்டிலும் நிறுத்திக் காகிதம் கேட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணை, உரிமைகள் மீறப்பட்டதாகச் சொன்னது. 1999-இல் நகராட்சி 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

பத்து வருடம் கழித்து, 2007-இல், கேவ் கிரீக்கில் ஒரு வண்டியை மாரிகோபா கவுன்டி ஷெரிஃபின் ஆட்கள் நிறுத்தினார்கள். ஓட்டியவர் வெள்ளைக்காரர், அவரை அபராதச் சீட்டுகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த மெக்சிகோ பயணியைப் பிடித்து வைத்தார்கள். அவரிடம் செல்லுபடியாகும் சுற்றுலா விசா இருந்தது. பல மணி நேரம் கழித்து, குடியேற்ற அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்து விட்டுவிட்டார்கள். அவர் தொடுத்ததுதான் மெலென்ட்ரஸ் வழக்கு. 2013 மே மாதம் நீதிபதி முர்ரே ஸ்னோ, ஷெரிஃப் அலுவலகம் இனத்தைக் காரணமாக வைத்து மக்களை நிறுத்தியது என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கின் உத்தரவுகளை மதிக்காததற்காக ஷெரிஃப் ஜோ அர்பையோ 2017-இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியானார். அடுத்த மாதமே அவருக்கு ஜனாதிபதி மன்னிப்பு கிடைத்தது. அந்த மெக்சிகோ பயணியும் உங்களைப் போல முறையாக வந்தவர்தான் என்பதை நண்பர்களிடம் சொல்லுங்கள். சாலையோரத்தில் நிற்கும் காவலரின் கண்ணுக்கு விசா தெரியாது, முகம்தான் தெரியும்.

இப்போது சட்டம். எஸ்.பி.1070 என்ற சட்டத்தில் 2010 ஏப்ரல் 23 அன்று அரிசோனா ஆளுநர் ஜேன் புரூவர் கையெழுத்திட்டார். அதன் நான்கு முக்கியப் பிரிவுகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2012 ஜூன் 25 அன்று மூன்றை நீதிமன்றம் ரத்து செய்தது. வெளிநாட்டவர் பதிவுக் காகிதம் வைத்திருக்காததை மாநிலக் குற்றமாக்கிய பிரிவு, அனுமதியில்லாமல் வேலை தேடுவதைக் குற்றமாக்கிய பிரிவு, வாரன்ட் இல்லாமல் கைது செய்ய இடம் கொடுத்த பிரிவு ஆகியவை போய்விட்டன. தங்கியது 2(பி). முறையான காரணத்துக்காக ஒருவரை நிறுத்தியிருக்கும்போது, அவர் அனுமதியின்றி நாட்டில் இருக்கிறார் என்ற நியாயமான சந்தேகம் எழுந்தால், அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்கக் காவலர் முயல வேண்டும் என்று அது சொல்கிறது. குடியேற்ற நிலையைச் சரிபார்ப்பதற்காக மட்டுமே ஒருவரைப் பிடித்து வைத்தால் அரசியல் சட்டச் சிக்கல் எழும் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது.

அந்த 2(பி)-யிலேயே உங்களுக்குச் சாதகமான ஒரு வரி இருக்கிறது. செல்லுபடியாகும் அரிசோனா லைசன்ஸைக் காட்டுபவர் முறையாக இருப்பவர் என்றே கொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் அனுமதியோடு தங்கியிருப்பதை நிரூபிக்காமல் லைசன்ஸ் கிடைக்காது. அதனால்தான் அந்த வரி. நீங்கள் லைசன்ஸைக் கொடுத்த நொடியிலேயே உங்கள் ஸ்டேட்டஸ் பற்றிய கேள்விக்கு ஆதாரம் போய்விட்டது.

ஆனால் வண்டியை நிறுத்தியது தவறு என்று வாதாட முடியாது. பிளேட் ஃபிரேம் மாநிலப் பெயரை மறைக்கக் கூடாது என்பது அரிசோனாவில் சட்டம். கார் விற்பவர்கள் தங்கள் கடைப் பெயரோடு மாட்டிவிடும் ஃபிரேம்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறது. சின்னதாக ஒரு போக்குவரத்து விதிமீறல் இருந்தாலே போதும், காவலரின் உள்நோக்கம் என்னவாக இருந்தாலும் நிறுத்தம் செல்லும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்த ஃபிரேமை இன்றே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கழற்றிவிடுங்கள். முன் கண்ணாடியில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். உள் கண்ணாடியில் தொங்கும் பிள்ளையாரை டாஷ்போர்டில் உட்கார வையுங்கள். ஓட்டுபவர் பார்வையை மறைக்கிறது என்று காரணம் காட்டி நிறுத்த முடியும். இனத்தைப் பார்த்து நிறுத்த நினைக்கிறவருக்குத் தேவைப்படுவது இப்படி ஒரு சாக்குதான். நாமே அதை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் கேள்வி எழுவது அந்த 25 நிமிடங்களில். ஸ்டேட்டஸைப் பற்றி வாயால் கேட்பது மட்டுமே உரிமை மீறல் ஆகாது (2005 தீர்ப்பு). ஆனால் எதற்காக நிறுத்தினாரோ அந்த வேலை முடிந்த பிறகு, தனியான சந்தேகம் இல்லாமல் நிறுத்தத்தை நீட்டக் கூடாது (2015, ரோட்ரிகஸ் தீர்ப்பு). ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவரிடம் அடையாள அட்டை கேட்பதற்காக நேரத்தை இழுக்கவும் கூடாது. 2019-இல் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் (அரிசோனாவுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) இதைச் சொன்னது அரிசோனா வழக்கொன்றில்தான். பிளேட் ஃபிரேமுக்கு எச்சரிக்கை எழுதப் பத்து நிமிடம் தாராளம். மீதி நேரம் எதற்குப் போனது என்பதே உங்கள் புகாரின் உயிர். இதை ரேசியல் ப்ரொஃபைலிங் என்று இப்போதே என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கேள்விகள் எந்த வரிசையில் வந்தன, லைசன்ஸைச் சரிபார்த்து முடித்த பிறகு என்ன நடந்தது என்று காவலர் உடலில் மாட்டியிருக்கும் கேமரா காட்டினால் சொல்ல முடியும்.

அதனால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இன்று இரவே உட்கார்ந்து எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தத் தெரு, பக்கத்துக் குறுக்குத் தெரு, காவலரின் பெயரும் பேட்ஜ் எண்ணும், வண்டி எண், அவர் சொன்ன காரணம், கேட்ட கேள்விகள் அவர் கேட்ட வரிசையிலேயே. நீங்களும் மனைவியும் தனித்தனியாக எழுதுங்கள்; ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுத வேண்டாம். டேஷ்கேம் இருந்தால் பழைய பதிவு அழிந்துபோகும் முன் மெமரி கார்டைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். அவர் நகரப் போலீசா, கவுன்டி ஷெரிஃபின் ஆளா, மாநில நெடுஞ்சாலைப் போலீசா என்று நீங்கள் எழுதவில்லை. எச்சரிக்கைச் சீட்டின் மேல் பகுதியில் துறையின் பெயர் இருக்கும். அந்தத் துறையிடம் மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேமராப் பதிவைக் கேளுங்கள். தாமதித்தால் பதிவைக் காலக்கெடு முடிந்து அழித்துவிடக் கூடும்.

அந்தப் போலீஸ் துறையிடமே கொடுக்கும் புகார் வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. அரிசோனாவில் அரசுத் துறை மேல் மாநிலச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட நினைத்தால், சம்பவம் நடந்து 180 நாட்களுக்குள் ‘நோட்டீஸ் ஆஃப் கிளெய்ம்’ கொடுத்தாக வேண்டும். எவ்வளவு தொகைக்கு சமாதானம் ஆவீர்கள் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வழக்கு ஒரு வருடத்துக்குள். அரசியல் சட்ட உரிமை மீறலுக்கான கூட்டாட்சி வழக்குக்கு இரண்டு வருடம் இருக்கிறது. நல்ல வழக்குகள் பல, புகாரின் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்த 180 நாளைக் கோட்டை விட்டதாலேயே செத்துப்போகின்றன.

கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா? கிரீன் கார்டு விண்ணப்பத்தில் போலீஸ் மேல் புகார் கொடுத்தீர்களா என்ற கேள்வி கிடையாது. கைது, குற்றச்சாட்டு, சைட்டேஷன் (போலீஸ் எழுதும் டிக்கெட்) பற்றிய கேள்வி உண்டு. குற்றச்சாட்டு தள்ளுபடியான கைதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே எச்சரிக்கைச் சீட்டைத் தூக்கிப் போடாமல் ஃபைலில் வையுங்கள். இன்னொரு நாள் டிக்கெட் வந்தால், அதில் போட்ட தேதிக்குள் பதில் கொடுத்துவிடுங்கள். கவனிக்காமல் விட்டால் லைசன்ஸ் முடக்கப்படலாம். முடங்கிய லைசன்ஸோடு வண்டி ஓட்டுவது இந்த மாநிலத்தில் முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றங்களில் கடுமையான வகை.

கையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். மாநிலச் சட்டப் பிரிவு ரத்தானது உண்மை. ஆனால் 18 வயது நிறைந்த எந்த வெளிநாட்டவரும் பதிவுச் சான்றை எப்போதும் தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் அப்படியே இருக்கிறது. மீறினால் அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்க அதில் இடம் உண்டு. பல வருடங்களாகத் தூங்கிய விதி அது. 2025 ஏப்ரல் 11 முதல் அரசு அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. கிரீன் கார்டுக்காரருக்கு அந்த அட்டை, ஈ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) வைத்திருப்பவருக்கு அந்த அட்டை, உங்களுக்கும் மனைவிக்கும் ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு). அன்று உங்கள் மனைவி வெறுங்கையோடு இருந்தது சரியில்லை. அரசின் இணையதளத்தில் ஐ-94 எடுத்து, அச்சிட்டு, நான்காக மடித்துப் பர்ஸில் வையுங்கள். கூடவே பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் கலர் நகல். போனில் படம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பூட்டைத் திறந்த போனைக் காவலர் கையில் கொடுப்பதை விடக் காகிதம் கொடுப்பது ஆயிரம் மடங்கு நல்லது. பாஸ்போர்ட் அசல் அன்றாடம் வேண்டாம், தொலைந்தால் பெருந்துன்பம். ஆனால் தெற்கே டூபாக், நோகாலஸ் பக்கம் போனால் எடுத்துப் போங்கள். திரும்பி வரும்போது ஐ-19 நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. நிரந்தரச் சாவடியில் எந்தச் சந்தேகமும் இல்லாமலே எல்லாரையும் நிறுத்திக் கேட்கலாம் என்று 1976-லேயே தீர்ப்பாகிவிட்டது.

நம்மவர்கள் வழக்கமாக இடறி விழும் சில இடங்கள் உண்டு. விசா ஸ்டாம்பிங்குக்காக இந்தியா போய்த் திரும்பி வரும்போது பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால், விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் தேதி வரைதான் ஐ-94 தருவார். ஐ-797-இல் (எச்-1பி ஒப்புதல் கடிதம்) 2028 என்று இருக்கும், ஐ-94-இல் 2026 என்று இருக்கும். பெரும்பாலும் கடைசியாகக் கிடைத்த ஐ-94 தான் கணக்கு. தரையிறங்கிய அன்றே இறக்கிப் பாருங்கள். இன்னொன்று: உங்கள் லைசன்ஸ் உங்கள் தங்கும் அனுமதி தேதியோடு முடிகிறது. எச்-1பி நீட்டிப்பு நிலுவையில் இருந்தால் 240 நாள் வரை வேலை செய்யலாம், ஆனால் லைசன்ஸ் தானாக நீளாது. காலாவதியான லைசன்ஸோடு ஓட்டினால் விதிமீறல் ஆவதோடு, மேலே சொன்ன 2(பி) பாதுகாப்பும் போய்விடும்.

பெயர்தான் நமக்கே உரிய சிக்கல். இனிஷியல் வைத்த பாஸ்போர்ட், விசாவில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்), லைசன்ஸில் அப்பா பெயர் முன்னால். காவலர் லைசன்ஸ் பெயரை அடித்துத் தேடினால் ஒன்றும் வராமல் போகலாம். ஒன்றும் வராததையே அவர் சந்தேகமாக எடுத்துக்கொள்ளலாம். ஐ-94 எண்ணைக் கொண்டு தேடச் சொல்லுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். இங்கே இருக்கும்போது 14 வயது நிறைந்தால் 30 நாளுக்குள் மறுபதிவும் கைரேகையும் கட்டாயம். அதற்கான ஜி-325ஆர் படிவத்தை ஆன்லைனில் நிரப்பலாம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏ.ஆர்.-11 என்ற முகவரி மாற்றப் படிவம்.

அடுத்த முறை யாராவது நிறுத்தினால்: எஞ்சினை அணையுங்கள், இருட்டென்றால் உள்விளக்கைப் போடுங்கள், கை ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும். டாஷ்போர்டில் உள்ள பெட்டியைத் திறக்கும் முன் “இன்சூரன்ஸ் அங்கே இருக்கிறது, எடுக்கவா?” என்று சொல்லிவிட்டு எடுங்கள். வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டால், “ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்” என்று அமைதியாக ஒரு முறை சொன்னால் போதும். அவர் மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். சீட்டு கையில் வந்ததும் “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” என்று கேளுங்கள். ‘போகலாம்’ என்றால் புறப்படுங்கள். ‘இல்லை’ என்றால், நிறுத்தம் நீட்டப்பட்ட அந்தக் கணம் கேமராவில் பதிவாகிவிடும். பின்னால் வழக்கறிஞருக்கு அந்த ஒரு பதில் பொன் மாதிரி.

எது சொன்னாலும் பொய் சொல்லாதீர்கள். அதிலும் “ஆர் யூ எ சிட்டிசன்?” என்ற கேள்விக்குத் தவறி ‘யெஸ்’ வந்துவிடக் கூடாது. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால் வாழ்நாள் முழுதும் இந்த நாட்டுக் கதவு மூடிப்போகலாம், அதற்கு விலக்கும் அநேகமாகக் கிடையாது. ‘முறையாக இருக்கிறீர்களா’ என்று கேட்பதாக நினைத்துத் தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேட்பவர் கூட்டாட்சி அதிகாரியாக இருந்தால் மைதானமே வேறு. மெக்சிகோ வம்சாவளித் தோற்றம் மட்டுமே நிறுத்தக் காரணமாகாது, ஆனால் பல காரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்பது 1975 தீர்ப்பு. லாஸ் ஏஞ்சலிஸில் தோற்றம், மொழி, இடம், வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்ட தடையை, 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அது இடைக்கால உத்தரவுதான், ஆனாலும் களத்தில் அதன் பாரம் பெரிது. மாநில அளவிலும் கண் வைத்திருங்கள். 2024 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் ஏற்ற 314-ஆம் முன்மொழிவு, அதிகாரப்பூர்வ எல்லை நுழைவாயில் அல்லாத இடம் வழியாக நாட்டுக்குள் வருவதை மாநிலக் குற்றமாக்குகிறது. ஆனால் டெக்சஸ் மாநிலத்தின் இதே மாதிரியான எஸ்.பி.4 சட்டம் அல்லது அது போன்ற சட்டம் தொடர்ந்து 60 நாள் நடப்பில் இருந்த பிறகே அந்தப் பகுதி உயிர்பெறும். விமான நிலையம் வழியாக வந்தவர் அந்தக் குற்றத்தில் மாட்ட மாட்டார். அதற்கும் உங்கள் ஐ-94 தான் சாட்சி.

இனி அப்பா. இதில்தான் எனக்கு அதிகக் கவலை. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயது குஜராத்திப் பெரியவர் ஒருவர் காலை நடை போனார். ‘மெலிந்த கறுப்பின ஆள் ஒருவர் கராஜுகளைப் பார்த்தபடி நடக்கிறார்’ என்று யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள். அவர் ‘நோ இங்கிலீஷ்’ என்றும் ‘இந்தியா’ என்றும் சொன்னார். காவலர் அவரைத் தரையில் தள்ளியதில் கழுத்துப் பகுதி முதுகெலும்பில் அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. காவலர் மேல் இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரி ஒத்த முடிவுக்கு வரவில்லை, நீதிபதி விடுவித்துவிட்டார்.

அப்பா நடை போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அலுவலக அட்டை மாட்டும் ஒளி ஊடுருவும் உறையொன்றைக் கழுத்தில் தொங்கவிடுங்கள். உள்ளே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, ‘இந்தியாவிலிருந்து வந்த விருந்தினர், தமிழ் மட்டும் தெரியும், ஹிந்தி தெரியாது’, உங்கள் முகவரி, இரண்டு போன் எண்கள். தமிழ் என்று எழுதாவிட்டால் போனில் ஹிந்தி மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுப்பார்கள். பின்பக்கம் ஐ-94 நகல். உறை சட்டைக்கு மேலே தெரிய வேண்டும். பையிலோ வேட்டி மடிப்பிலோ இருந்தால் அதை எடுக்கக் கை போகும், கை போவதுதான் உயிருக்கு ஆபத்து. போலீஸ் கூப்பிட்டால் உடனே நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “விசிட்டர். இந்தியா. தமிழ். கால் சன்” என்று சொல்லப் பழக்குங்கள். வீட்டுக்குள் நாலு நாள் ஒத்திகை பார்த்தால் வந்துவிடும். ‘சரி’ என்று நாம் தலையை இருபக்கமும் ஆட்டுவது இவர்களுக்கு ‘முடியாது’ என்று தெரியும், ஆகவே தலையாட்டவே வேண்டாம்.

அவர்களுடைய விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். தங்கும் காலத்தைச் சொல்வது ஐ-94 தேதி, வழக்கமாக ஆறு மாதம். நீட்டிக்க நினைத்தால் அந்தத் தேதிக்கு முன்பே ஐ-539 என்ற நீட்டிப்பு விண்ணப்பம் போட்டு, ரசீதையும் உறைக்குள் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கணினியில் பார்க்கிறவருக்கு அப்பா காலம் கடந்து தங்கியவராகத்தான் தெரிவார்.

முதல் இரண்டு மூன்று நாள் நீங்களும் அப்பாவோடு சேர்ந்து அதே பாதையில் நடங்கள். எதிர்ப்படும் அக்கம்பக்கத்தவரிடம் “இவர் என் அப்பா, ஆறு மாதம் எங்களோடு இருப்பார்” என்று சொல்லி வையுங்கள். மேடிசனில் போலீசுக்குப் போன அந்த அழைப்பு, அவரை யாரென்று தெரியாத ஒருவரிடமிருந்து வந்தது.